புள்ளைய வெளையாட வுடாத தம்பி, கெட்டுப் பூடுவான்!

ஏம்ப்பா தம்பி, இப்டி வந்து குந்து. டீ சொல்லு. ரெண்டா சொல்லு. துட்டு நீயே குடுத்துடு. புத்தி சொல்றவன் துட்டும் குடுக்கற வழக்கம் நம்ம வள்ளூர்ல கெடையாது.

இன்னாமோ கேள்விப்பட்டேனே, ஞாயித்துக்கெழமையானா உன் புள்ளைய மீஞ்சூருக்கு இட்டுகினு போய் லீடர்ஷிப் கிளாஸ்ல குந்த வெச்சுட்டு வர்றியாமே? ஏசி ரூமாம், சுவரு ஒசரத்துக்கு டிவியாம், முடிஞ்சப்பால கலர் கலரா சர்டிபிகேட்டாம். நல்ல காரியம் பண்ண. தலைவனாவறதுக்கு பீஸ் கட்டி ரசீது வாங்கியாந்த மொத ஆளு நம்ம ஊர்ல நீதான். நம்ம கழிமுகத்துல எறாலு இல்லாத ஆத்துக்கு வலைய அலசி அலசி காய வெக்கறாங்க பாரு, அந்தக் கதைதான். வலை சுத்தமா கீது, கூடைதான் காலி.

அதே புள்ள சாயங்காலம் அணைக்கட்டுப் பக்கம் நாலு பசங்களோட பந்தாடப் போனா மட்டும் நீ தொடப்பக்கட்டையோட பின்னாலயே ஓடறியாமே? அதுவும் சரிதான். கோச்சுக்காத, நானும் உன் கட்சிதான். வுடாத. வெளையாட வுட்டா இன்னா இன்னா கெடுதல் வரும்னு வரிசையா சொல்றேன். நல்லா காதுல வாங்கிக்க.

மொத கெடுதல், தோக்கக் கத்துக்குவான். உன் வூட்ல அவன் எங்க தோத்தான்? அழுதா செல்போன் குடுக்கற. முறைச்சா பிரியாணி வாங்கியாற. பள்ளிக்கூடத்துல ஆண்டு விழான்னா வந்தவன் போனவன் எல்லாருக்கும் ஒரு மெடலு. இந்தச் சடுகுடு கோட்டுல அந்த மருவாதியே கெடையாது. ஒரு பாயிண்டுல அத்திப்பட்டுப் பசங்ககிட்ட தோத்துட்டு, முட்டியெல்லாம் செராய்ச்சுகினு வருவான். மறுநாளு அதே கோட்டுக்குப் போவான். தோத்த அன்னிக்கி, பிடிய வுட்டவன திட்டாம, அவன் தோள்ல கைய போட்டு வூடு வரைக்கும் கொண்டாந்து வுட்டான்னு வெய்யி, அவந்தான் கேப்டன். இத்தப் பழகினவனுக்கு நாளைக்கி ஒரு கஷ்டம். தோத்தா மெஷின் மேல பழி போடணும், கூட்டணி மேல பழி போடணும்ங்கற பெரிய மனுஷன் வித்தையெல்லாம் அவனுக்கு வராது.

ரெண்டாவது கெடுதல், கையில இருக்கற பந்த அடுத்தவன் புள்ளைக்குக் குடுப்பான். நீ வளத்த வளர்ப்புக்கு அது அடுக்குமா? இன்னொருத்தன் நல்ல எடத்துல நிக்கறான்னு பாத்து அவனுக்கு பாஸ் குடுக்கறது பெரிய பேஜாரு புடிச்ச பழக்கம். வியாசர்பாடியில அப்டித்தான் ரெண்டு பேரு ஆரம்பிச்சாங்க. அந்த ஏரியாவ சின்ன பிரேசில்னு சொல்லுவாங்க, தெரியும் இல்ல? படிப்ப வுட்டுட்டு பட்டறைக்கும் கூலிக்கும் போய்கினு இருந்த புள்ளைங்கள முல்லை நகர் மைதானத்துல சேத்து, தங்கராஜ், உமாபதின்னு ரெண்டு பேரு 1997-ல ஒரு சங்கம் கட்டினாங்க. குடிசைப் பகுதிப் புள்ளைங்களோட ஆட்டத்துக்கும் படிப்புக்கும்னு அந்தச் சங்கத்தோட பேர்லயே எழுதி வெச்சாங்க. பந்து சொல்லிக்குடுக்க காசு வாங்கறது இல்ல. அத்தோட வுட்டாங்களா? சாயங்காலப் பாடமும் வெச்சாங்க. பந்துக்கு ஆசைப்பட்டு வந்தவன் கணக்குல மாட்டிகினான். பொம்பளப் புள்ளைங்களும் ஆட வந்துச்சுங்க.

2018-ல சென்னையின் எஃப்சி பெங்களூருக்குப் போய் அந்த ஊரு டீமையே 3-2ன்னு கவுத்து ஐஎஸ்எல் கோப்பைய தூக்கினு வந்துச்சே, ஞாபகம் கீதா? அதுக்கு மொதல்ல செமி ஃபைனல்ல கோவாவ 3-0ன்னு அடிச்சாங்க. அந்த மூணுல ஒரு கோலு தலையால முட்டிப் போட்டவன் தனபால் கணேஷ், வியாசர்பாடிப் புள்ள. இந்தியாவுக்கே ஆடினவன். அவன் பேரு பேப்பர்ல வந்துச்சு, வரணும். ஆனா காலைல அஞ்சு மணிக்கு மைதானத்துல கல்லு பொறுக்கிப் போட்ட அண்ணங்க பேரு எந்தப் பேப்பர்லயும் வர்ல. அவங்களும் அத்தப் பாத்துகினு குந்தியிருக்கல. அடுத்த செட்டு பொடிசுங்களுக்கு ஷூ லேஸ் கட்டி வுட்டுகினு இருந்தாங்க. உனக்குத்தான் தெரியுமே, இந்த மாதிரி ஆளுங்க வூட்டுக்கு ஒதவ மாட்டாங்க. ஊருக்குத்தான் ஒதவுவாங்க.

மூணாவது கெடுதல் இன்னும் மோசம். தனக்குத் தெரிஞ்சத சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுடுவான். காசு வாங்கறானா, இல்லையான்னு நீ கேக்கறதுக்குள்ள பத்துப் பசங்க அவன அண்ணான்னு கூப்பிட்டுகினு வாசல்ல நிப்பாங்க. கேரம் போர்டு ஆடற வடசென்னைத் தெருவ போய்ப் பாரு. மரிய இருதயம்னு ஒரு மனுஷன் சென்னைல இருந்து போய் 1991-லயும் 1995-லயும் உலக சாம்பியன் ஆனாரு. 1996-ல அர்ஜுனா விருதும் வாங்கினாரு. ஆனா அதுக்கு அப்பாலயும் நம்ம ஜனங்க, கேரம் போர்டுன்னா வேல வெட்டி இல்லாதவன் பவுடர் தூவற பலகைன்னுதானே நெனச்சாங்க? ரெட்டப் போட்டு பாலோ போடறவன் உருப்பட மாட்டான்னு நீயே எத்தினி தடவ சொல்லியிருப்ப.

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ல ஒரு ஆட்டோக்காரரு. அவரு ஏரியாப் புள்ளைங்களுக்கு கேரம் சொல்லிக்குடுக்கற எடம் ஒண்ணு நடத்தினாரு. ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தம்புள்ள தானா வளரும்னு நம்ம பாட்டிமாருங்க சொன்னத நீயும் நானும் கல்யாணப் பந்தியில பேசறதோட வுட்டுட்டோம். அந்த மனுஷன் மெய்யாலுமே செஞ்சு பாத்துட்டாரு. அவரு பொண்ணு காசிமா 2024 நவம்பர்ல அமெரிக்காவுக்குப் போயி, உலகக் கோப்பையில தனி ஆட்டம், ரெட்டையர் ஆட்டம், குழு ஆட்டம்னு மூணு தங்கத்த அள்ளிகினு வந்துச்சு. அப்பால அரசாங்கம் ஒரு கோடி ரூபா பரிசு குடுத்துச்சு. அத்தோட நின்னுச்சா? 2025-ல மாலத்தீவுல நடந்த உலகக் கோப்பையில காசிமேட்டுப் பொண்ணு கீர்த்தனா போயி அதே மூணு தங்கத்தயும் அடிச்சுகினு வந்துச்சு. அப்பா இல்லாத புள்ள, அம்மா வூட்டு வேல செஞ்சு வளத்த புள்ள.

அக்கம்பக்கத்துல இருந்து ஒண்ணு பின்னால ஒண்ணு உலக சாம்பியன் எப்டி நைனா வரும்? தண்ணியில இன்னா மருந்தா கலக்கினாங்க? ஒண்ணும் இல்ல. பெரிசு ஆடறப்ப சிறிசு பக்கத்துல குந்தியிருந்துச்சு. பெரிசு எழுந்து ஸ்ட்ரைக்கர சிறிசு கையில குடுத்துச்சு. இம்புட்டுதான் சங்கதி. இத்த உன் மீஞ்சூரு ஏசி ரூமுல எத்தினி வாரம் எடுப்பாங்க?

நாலாவது கெடுதல், இருக்கறதுலயே பெரிய கெடுதல். வாய் தொறப்பான். கேள்வி கேப்பான். கும்மிடிப்பூண்டி ரயில்ல ஏறி தண்டையார்பேட்டைல எறங்கினா கருணாலயான்னு ஒரு எடம் கீது. பால் சுந்தர் சிங்குன்றவரு 1995-ல ஆரம்பிச்சாரு. பிளாட்பாரத்துலயே பொறந்து பிளாட்பாரத்துலயே வளர்ற புள்ளைங்களுக்காக. அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா கொறைன்னு கேளு. சோறு, துணி, கூரை, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச கொறை. நமக்குத் தெரியாத கொறை ஒண்ணு கீது, காகிதம். பிளாட்பாரத்துக்கு ஏது கதவு நம்பரு? கதவு நம்பரு இல்லன்னா விலாசம் இல்ல. விலாசம் இல்லன்னா பொறப்புச் சான்றிதழுக்கு அலைச்சல், ஆதாருக்கு அலைச்சல், பள்ளிக்கூடத்துல சேக்க அலைச்சல். கண்ணு முன்னால உயிரோட நிக்கற புள்ளைய, நீ பொறந்தியான்னு கேக்கற ஊரு இது.

அந்தப் புள்ளைங்கதான் 2018-ல மாஸ்கோவுக்கு, தெருவோரப் புள்ளைங்களோட கால்பந்து உலகக் கோப்பைக்குப் போச்சுங்க. பொம்பளப் புள்ளைங்க டீமு. அடுத்த வருசம் லண்டன்ல தெருவோரப் புள்ளைங்களோட மொத கிரிக்கெட் உலகக் கோப்பை. இங்கிருந்து போன புள்ளைங்களும் மும்பைப் புள்ளைங்களும் சேந்து, ஆணும் பொண்ணும் கலந்த ஒரே டீமு, இந்தியா சவுத்துன்னு பேரு. 2019 மே 7-ந்தேதி, லார்ட்ஸ் மைதானத்துல, எந்த மைதானத்துல? பெரிய பெரிய வீரனுங்க காலு வெக்க ஏங்கற லார்ட்ஸ் மைதானத்துல, இங்கிலாந்தையே தோக்கடிச்சு கோப்பைய வாங்கினாங்க. விலாசம் இல்லாத புள்ளைங்க வெள்ளைக்காரன் வூட்டுக்கே விலாசம் கேட்டுப் போயி ஜெயிச்சுட்டு வந்த கதை அது.

ஆனா நான் சொல்ல வந்தது கோப்பை இல்ல. அந்தப் போட்டிய நடத்தறவங்க ஆட்டத்தோட வுடறது இல்ல, புள்ளைங்களுக்குன்னு ஒரு பேரவையும் கூட்டறாங்க. எங்களுக்கு அடையாளக் காகிதம் குடு, பள்ளிக்கூடம் குடு, எங்கள அடிக்காதன்னு புள்ளைங்களே எழுந்து நின்னு பேசணும். பாதி நாளு ஆட்டம், பாதி நாளு பேச்சு. ஆடி முடிச்ச பெரிய புள்ளைங்கள எடுத்து, அடுத்து வர்றவங்களுக்கு வழி காட்டப் பழக்கறாங்க. 2023-ல அந்தக் கிரிக்கெட் உலகக் கோப்பை நம்ம சென்னைக்கே வந்துச்சு, ஃபைனலு சேப்பாக்கத்துல. ஐபிஎல் டிக்கெட்டுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சுகினு இருந்த நீ, அப்ப எங்க போயிருந்த?

இப்ப ஒரு உண்மையையும் சொல்லிடறேன். இல்லாட்டி பெரிசு வெளையாட்டப் பத்தி ஒரேயடியா அளக்குதுன்னு நீ முதுகுக்குப் பின்னால சிரிப்ப. ஆடறவன் எல்லாம் உத்தமன் ஆவறது இல்ல. கேப்டனா இருந்து ரவுடியா போனவனயும் நான் பாத்துக்கீறேன். டீமுக்கு டி-ஷர்ட்டு வாங்கிக் குடுத்த பெரிய மனுஷன் முதுகுல தம்பேர பெரிசா அச்சடிச்சுக் குடுப்பான். தேர்தல் வந்தா அதே டீம இட்டுகினு போய் கொடி கட்டச் சொல்லுவான். அப்பால இன்னொரு வேலைக்கும் கூப்பிடுவான். பதினோரு பேரு ஒருத்தன் சொன்னபடி கேக்கறாங்கன்னா, அந்த ஒருத்தன் கையில நல்லதும் கீது, கெட்டதும் கீது. பந்துக்கு புத்தி கெடையாது தம்பி. பந்துக்குப் பக்கத்துல தெனமும் வந்து நிக்கற பெரியவன் யாருன்றதுலதான் எல்லாம் கீது. ராயபுரத்துல குத்துச்சண்டை கத்துக்குடுத்தவர வாத்தியார்னு சொன்னாங்க. கை ஓங்கறது எப்டின்னு சொல்லிக்குடுத்த வாயாலயே, எங்க ஓங்கக் கூடாதுன்னும் சொன்னவருக்குத்தான் அந்தப் பேரு நெலைச்சுது. சொல்லாதவன் வெறும் அடியாளு வளத்தான்.

வாத்தியாரு வேணும்; எடமும் வேணுமே? நம்ம ஊரு பேரு போட்ட அனல் மின் நிலையம், மூணு யூனிட்டு, 1,500 மெகாவாட்டு. அந்தாண்ட காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். கரி வருது, கப்பல் வருது, கன்டெய்னரு வருது. ரவ காலியா ஒரு எடம் தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா லாரி வந்து நின்னுக்குது. பசங்க ஸ்டம்பு நட்ட எடத்துல டிரைவரு அடுப்பு மூட்டறாரு. அவரத் திட்டாத, பாவம், அவருக்கும் நிக்க வேற எடம் இல்ல. ஆனா எடத்தக் கேக்க வேண்டியவன் நீ. நீதான் வூட்டுக் கதவ சாத்திகினு, புள்ள வெளிய போனா கெட்டுப் பூடும்னு காவல் காக்கற.

பேப்பர்ல படிச்சேன், உனக்கும் சொல்றேன். 2013-ல வந்த கம்பெனிச் சட்டத்துல, வருசம் 5 கோடிக்கும் மேல லாபம் பாக்கற கம்பெனி, மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதத்த சமூக காரியத்துக்கு செலவு பண்ணணும்னு எழுதிக்கீது. எந்தெந்த காரியம்னு ஒரு அட்டவணையும் கீது. அதுல கிராமத்து வெளையாட்டுக்குப் பயிற்சி குடுக்கறதும் ஒண்ணு. சுத்துப்பட்டுல கம்பெனிக்கா பஞ்சம்? ஒரு தடவ ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க, பேரு வேணாம். புள்ளைங்களுக்கு ஆளுக்கொரு தொப்பி குடுத்தாங்க, தொப்பியோட போட்டோ புடிச்சாங்க, போய்ட்டாங்க. தொப்பிய வெச்சு எந்த ஆட்டம் ஆடறதுன்னு பசங்க ரொம்ப நாளு யோசிச்சாங்க.

அரசாங்கமும் சும்மா இல்ல. 2024-ல கலைஞர் பேர்ல ஒரு திட்டம் போட்டு, தமிழ்நாட்டுல கீற 12,525 கிராம ஊராட்சிக்கும் வெளையாட்டுச் சாமான் மூட்டை குடுக்கறதா சொல்லி ஆரம்பிச்சாங்க. கிரிக்கெட்டு மட்டை, வாலிபால்னு விதவிதமா. ஏதோ ஒரு ஊர்ல அந்த மூட்டைய பத்திரமா பீரோவுல வெச்சுப் பூட்டி, பந்து அழுக்காவாம பாத்துக்கறாங்கன்னு கேள்வி. எந்த ஊருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு கிராம சபை கூட்டறாங்க இல்ல, அங்க போய் நீயே கேளு. வூட்டு வரி, குடிதண்ணி, தெருவிளக்குன்னு பேசற எடத்துல, எங்க பசங்களுக்கு ஆட எடம் எது, சாமான் எங்கன்னு ஒரு கேள்வி. எழுத்துல குடு. தீர்மானத்துல ஏத்தச் சொல்லு. பக்கத்துல உன் புள்ளையும் நிக்கட்டும். நாலு பெரிசுங்க முன்னால அவன் அப்பன் வாய் நடுங்காம பேசறத அவன் பாத்தான்னா, அதுக்கு மேல ஒரு லீடர்ஷிப் கிளாஸு கெடையாது. பீஸும் கெடையாது.

இன்னொண்ணு. வாழ்க்கையில முன்னுக்கு வந்தப்பால ஊருக்கு செய்யறேன்னு சொல்றவன நம்பாத. முன்னுக்கு வந்தவன் முன்னாலயே போய்கினு இருப்பான், திரும்பிப் பாக்க கழுத்து வராது. முல்லை நகர்லயும் செரியன் நகர்லயும் சொல்லிக்குடுத்தவங்க பணம் சேத்து வெச்சுட்டு வந்து சொல்லிக்குடுக்கல. கையில இருந்த பந்தோட வந்தாங்க, கையில இருந்த பலகையோட வந்தாங்க. எட்டாவது படிக்கறவன் அஞ்சாவது படிக்கறவனுக்கு பந்து புடிக்கக் காட்டிக் குடுக்கறான் பாரு, அங்கயே ஆரம்பிக்குது எல்லாம். கோப்பை வர்றது வராதது அவங்க அவங்க தலையெழுத்து. ஊருக்கு ஒரு நல்ல அண்ணன் கெடைக்கறது மட்டும் நிச்சயம்.

கடைசியா ஒரு வார்த்த. நீ இன்னாமோ பொறந்ததுல இருந்தே மின் நிலையத்துல கான்ட்ராக்டு வேல பாக்கற மாதிரி பேசற. உன் பதினஞ்சு வயசுல இந்த ஊரு சடுகுடு கோட்டுல கால் வாரி வுட்டுகினு திரிஞ்சவன் யாரு? மூச்சு எப்டி கட்டணும், கோட்டத் தொடறப்ப கால எப்டி நீட்டணும்னு உனக்கு யாரு காட்டிக் குடுத்தது? அதுக்கு நான் பீஸ் வாங்கினேனா? ரசீது குடுத்தேனா? ஆக, நீ எனக்குக் கடங்காரன். அந்தக் கடன எங்கிட்ட கட்டாத, நான் வாங்கி இன்னா பண்ணப் போறேன்? நாளையில இருந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் உன் புள்ளையோட மைதானத்துக்குப் போ. உன் புள்ளைக்கு மட்டும் இல்ல, வந்து நிக்கற அத்தினி புள்ளைக்கும் சொல்லிக்குடு. ஞாயித்துக்கெழம பீஸுல ரெண்டு பந்து வாங்கு. வட்டி வேணாம், அசல மட்டும் ஒழுங்கா கட்டு.